ஹாரன் சத்தத்தை வெட்டாதீங்க

உளுந்து பொங்கி வரும் நேரத்தில் கிரைண்டரை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் மாவு சூடேறிவிடும். சூடேறிய மாவில் சுட்ட இட்லியைத் தூக்கி எறிந்தால் தெருநாயின் மண்டை உடையும். கோயமுத்தூர் கணபதியில் எட்டு வருஷமாக மாவுக்கடை நடத்தும் கிருபாவுக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் அன்றைக்குக் கிரைண்டரைத் தன் போக்கில் சுற்றவிட்டு, ஈரக்கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துக் கமெண்ட் எழுத உட்கார்ந்துவிட்டாள். காதில் அப்போதுதான் தவிட்டுக்குருவியின் ஆறாம் பாகம் முடிந்திருந்தது.

தவிட்டுக்குருவி என்பது ஒரு பெண். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது, முகம் தெரியாது, குரல் மட்டும்தான். 'பவளத்தோட்டம்' என்று ஒரு சீரியல் நாலு வருஷம் ஓடியது. அதன் நாயகி மங்கை, புருஷனிடம் அடி வாங்கி, வீட்டை விட்டு வெளியே வந்து, தையல் யூனிட் வைத்து, கோர்ட் படியேறி, இத்தனையும் செய்துவிட்டுக் கடைசி வாரத்தில் போய் மாமியார் காலில் விழுந்தாள். சுபம் என்று போட்டார்கள். கிருபா எறிந்த ரிமோட்டிலிருந்து பேட்டரி இரண்டும் கழன்று கட்டிலுக்கடியில் ஓடின. புருஷன் ஆல்வின்தான் தவழ்ந்து போய்த் தேடி எடுத்தான். "கதைதானே புள்ள, அதுக்கு ஏன் ரிமோட்ட ஒடைக்கற?" என்றான். கதைதானே என்று சொல்பவர்களிடம் என்ன பேசுவது?

ஆனால் அந்த முடிவால் வயிறெரிந்தவர்கள் ஊரெல்லாம் இருந்திருக்கிறார்கள். போனில் ஓர் ஆப்பில் ஆளாளுக்கு அந்தக் கதையைத் தங்கள் குரலில் மேற்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்கள். காசுக்கு அல்ல, ஆத்திரத்துக்கு. அதில் தவிட்டுக்குருவி ஆரம்பித்த விதம் இப்படி: மங்கை மாமியார் காலில் விழக் குனிகிறாள். அங்கே கிடக்கும் தன் செருப்பை எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். நிமிர்ந்து வாசலைத் தாண்டி நடக்கிறாள். முதல் பாகத்தின் முதல் நிமிஷம் இது. அன்றைக்குக் கிருபா கடையில் தனியாக நின்று, கையில் மாவோடு, கெட்ட வார்த்தை ஒன்றைச் சந்தோஷமாகச் சொன்னாள்.

கேட்டவர்கள் எல்லோரும் இதயம் போட்டார்கள். "அருமைங்க", "சூப்பர் சிஸ்" என்று எழுதினார்கள். விருந்துக்குப் போன இடத்தில் ரசம் உப்புக் கரித்தாலும் அருமைங்க என்று சொல்லி எழுந்துவருகிற சனம் இது. கிருபா மட்டும் நீளமாக எழுதினாள். எந்த இடத்தில் தன் கை நின்றது, எந்த இடத்தில் எரிச்சல் வந்தது என்று எழுதினாள். மூன்றாம் பாகத்துக்கு எழுதியது இது: "மாமியா பேசறப்ப மூக்கால பேசறீங்க. கெட்டவங்கெல்லாம் மூக்கால பேசறதில்லீங்க. என்ற மாமியா தேனாட்டம் பேசும். அதுதானுங்க பயம்." எழுதி அனுப்பிவிட்டு, அதிகப்பிரசங்கம் பண்ணிவிட்டோமோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் மறுவாரம் பதில் வந்தது: "அக்கா, நீங்க சொன்னப்புறம் மூணாம் பாகத்த முழுசா திரும்ப வாசிச்சுப் போட்டிருக்கேன். கேட்டுச் சொல்லுங்க. நீங்க என்ன எழுதுவீங்கன்னு பார்க்கறதுக்காகவே அடுத்தது வாசிக்கறேன்."

கிருபா அதை எத்தனை முறை படித்தாள் என்று கணக்கில்லை. முப்பத்தாறு வயதில், அவள் சொன்னதைக் கேட்டு ஒருவர் ஒன்றை மாற்றியது அதுதான் முதல்முறை. கடையில் உப்புக் குறைவு என்று வாடிக்கையாளர் சொன்னால் அவள் மாற்றுவாள். அவள் சொல்லி யார் எதை மாற்றினார்கள்? திருத்திய மூன்றாம் பாகத்தில் மாமியார் தேனாகப் பேசினாள். கேட்கும்போது கிருபாவுக்குப் புறங்கழுத்து சில்லிட்டது.

அப்படி வந்ததுதான் அன்றைய ஆறாம் பாகம். மங்கை வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையில் முதல்நாள். குரல் தணிந்து போய்க்கொண்டிருக்கும்போது பின்னணியில் ஒரு பஸ் ஹாரன். மூன்று இழுப்பு, கடைசி இழுப்பு நீளம். அது செல்லாண்டியம்மன் பஸ்ஸின் ஏர் ஹாரன். அன்னூரிலிருந்து வரும்போது ஊஞ்சப்புதூர் அரசமரத்து வளைவில் மட்டும் டிரைவர் அப்படி இழுப்பார். கிருபா பிறந்த ஊர் ஊஞ்சப்புதூர். அந்த ஹாரன் கேட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். அந்த ஹாரன் கேட்டுத்தான் கல்யாணமாகிக் கணபதிக்கு வந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கதையை மறந்துவிட்டு எழுதினாள்.

"ஐயோ, பின்னாடி கேக்கறது செல்லாண்டியம்மன் பஸ்ஸுங்க! ஊஞ்சப்புதூர் வளைவு! அது எங்க ஊருங்க. நீங்க எங்க ஊருக்காரங்களா? யாரூட்டு அம்மணிங்க நீங்க?"

கொங்குச் சீமையில் ஆளைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி எந்த ஊருங்க. இரண்டாவது, யாரூடுங்க. மூன்றாவது கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, முதல் இரண்டுக்கும் பதில் வந்தாலே அது தெரிந்துவிடும். கிருபா அந்த மூன்றாவது கேள்வியை எட்டத்திலேயே மோப்பம் பிடிப்பவள். கணபதியில் வாடகைக்கு வீடு தேடியபோது "அன்னூர்ப் பக்கமுங்களா, அன்னூர்ல எங்கெங்க?" என்று ஆரம்பித்து, "ஓ, காலனிப் பக்கமா" என்று முடிந்த பேச்சுகள் எத்தனை. அப்படிப்பட்டவள்தான் பாசத்தில் மூளை மழுங்கி அதே கேள்வியை ஊர் பார்க்கப் போட்டுவைத்தாள்.

பதில் தவிட்டுக்குருவியிடமிருந்து வரவில்லை. வேறு யாரோ ஒரு பெண் கீழே எழுதியிருந்தாள்: "அட, இது நம்ம ரங்கம்மா ஊட்டு மருமக கொரலாட்டவே இருக்குது!" கூடவே கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மைகள். அன்று பொழுது சாய்வதற்குள் அது ஊஞ்சப்புதூர் வாட்ஸப் குரூப்புக்குப் போய்விட்டது. அடுத்த முறை கிருபா பார்த்தபோது ஆறு பாகங்களும் இல்லை. "வணக்கம், நான் தவிட்டுக்குருவி" என்று ஆரம்பிக்கும் சின்ன முன்னுரை மட்டும் அனாதையாகக் கிடந்தது.

செய்தியை முழுசாகச் சொன்னது அம்மா. காளியாத்தாள் ஞானஸ்நானம் எடுத்து முப்பது வருஷமாகியும் பேரை மாற்றிக்கொள்ளாதவள், ரங்கம்மாள் காட்டில் களை எடுப்பவள்.

"அந்தூட்டு மருமவ, சைதன்யாவாமா, போன்ல கதை சொல்லுதாமா. புருசன உட்டுப்போட்டுப் போறவ கதையாமா. ஊருக்குள்ள அதே பேச்சு, அதே நாயமாக் கெடக்குது. போனைப் புடுங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிப்போட்டாங்களாம். அந்தப் புள்ள பாவம், வாயே தொறக்கறதில்ல."

கிருபாவுக்குப் பொக்கென்று போய்விட்டது. போனை வைத்தபின் மாவுப் பாத்திரத்தைக் கழுவினாள், கழுவியதையே மறுபடி கழுவினாள். தன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கியிருக்கலாம். பூட்டு வேறு வாய்க்குப் போய்விட்டது. அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது. கோபம்தான் நின்றது. தான் செய்தது தப்பு, சரி. ஆனால் தப்பான ஒரு கமெண்டுக்குத் தண்டனை குரலுக்கா?

அந்த முன்னுரைக்குக் கீழே எழுத ஆரம்பித்தாள். இல்லாத முதல் பாகத்துக்கு நினைவிலிருந்து கமெண்ட். செருப்பு எடுக்கும் இடம் எப்படி இருந்தது என்று. அடுத்த நாள் இரண்டாம் பாகத்துக்கு. ஒவ்வொன்றுக்கும் கீழே, இதுவரை 'மாவுக்கடை அக்கா' என்று மட்டும் இருந்தவள், தன் பேரை முழுசாகப் போட்டாள்: "கிருபா, காளியாத்தா மகள், ஊஞ்சப்புதூர் காலனி." அடுத்தவள் முகவரியைக் கேட்டவள் தன் முகவரியை முதலில் வைக்கட்டும்.

ஆல்வின் லேத்துப் பட்டறையிலிருந்து சாப்பிட வந்தவன் எட்டிப் பார்த்தான். "உட்டுரு புள்ள. நீ எழுதிப்போட்டுத்தானே இத்தனை கூத்து."

"அதுக்குத்தான் எழுதறேன்."

"அந்தப் புள்ளகிட்ட போனே இல்லியே. யாரு படிக்கறது?"

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான், சாம்பாரை ஊற்றிக்கொண்டே. கிருபா நிறுத்தினாள். பூட்டிய பீரோவுக்குள் கடுதாசி போட்டுக்கொண்டிருக்கிறாள்! ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், உடுத்திய சர்ச் புடவையை மாற்றாமல், காந்திபுரத்தில் ஊஞ்சப்புதூருக்குப் பஸ் ஏறினாள்.

அம்மா கும்பிடாத குறை. "உனக்கென்ன, பேசிப்போட்டு பஸ்ஸேறிருவ. நாளைக்கு அந்தக் காட்டுக்கு நாந்தானே போவோணும்?"

"நீ வர வேண்டாம்மா."

"வராம? நீ என்ன பேசுவியோ." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு காளியாத்தாள் பின்னாலேயே வந்தாள். ஆனால் வீட்டுக்கு எதிரே ரோட்டோரம் நின்றுவிட்டாள். வாசலுக்கு வரவில்லை, அது அவள் கால்களுக்குப் பழகிய தூரம்.

ரங்கம்மாளின் வீடு அரசமரத்து வளைவில் ரோட்டை ஒட்டி இருந்தது. இரும்புக் கேட், உள்ளே சிமெண்டுக் களம், களத்தில் காயும் துணிகள். ரங்கம்மாள் வாசல் நிழலில் நாற்காலி போட்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். புடவையும் கைப்பையுமாக நிற்பவளைக் கண்டதும் முகம் மலர்ந்து எழுந்தாள்.

"வாங்க வாங்க. உள்ள வாங்க. யாருன்னு தெரியலீங்களே, எந்த ஊருங்க?"

தேன்தான். கிருபா அந்தக் குரலை முன்பே கேட்டிருந்தாள். திருத்திய மூன்றாம் பாகத்தில், சொல்லுக்குச் சொல். தன் கமெண்டைப் படித்துவிட்டு அந்தப் பெண் தேனை எங்கே போய்த் தேடியிருப்பாள்? பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

"இதே ஊருதானுங்க. காளியாத்தா மகளுங்க, கிருபா. காலனி."

மூன்று கேள்விக்கும் ஒரே மூச்சில் பதில். ரங்கம்மாள் இன்னொரு நாற்காலியை இழுக்கப் போன கையை எடுத்துக்கொண்டாள். கோபத்தில் அல்ல, ஈ உட்கார்ந்த இடத்திலிருந்து கையை எடுப்பதுபோல் இயல்பாக.

"ஓ, காளியாத்தா மவளா நீ. கோயமுத்தூருக்குக் கட்டிக் குடுத்தாங்களே. நல்லாருக்கறயா? என்ன சமாச்சாரம்?"

"உங்க மருமவளப் பாக்கோணுமுங்க. அவங்க சொன்ன கதைக்கு இன்னும் முழுசாக் கமெண்ட் சொல்லலீங்க. அதைச் சொல்லிப்போட்டுப் போலாம்னு வந்தேன்."

துணிக்கொடியில் ஒரு போர்வைக்குப் பின்னால் கிளிப் எடுத்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. முகம் தெரியவில்லை. கைகளும், போர்வைக்குக் கீழே இரண்டு பாதங்களும்தான். எப்போதும்போல முகமில்லாமல். கிருபாவுக்கு அதுவே வசதியாக இருந்தது. போர்வையைப் பார்த்துப் பேசினாள்.

"ஆறாம் பாகத்துல மங்கை கதவ உள்ள தாப்பாப் போடற எடமுங்க. நீங்க பேச்சையே நிறுத்திப்போட்டீங்க. தாப்பா சத்தம் மட்டுந்தான். அப்பறம் மறுபடியும் தொறந்து, மறுபடியும் போட்டீங்க. போட்டுப் பாக்கறதுக்கு ஒரு தாப்பா கெடச்சுதேன்னு அவளுக்கு எப்படி இருந்திருக்கும்! நா அரிசி அள்ளுன கைய அப்படியே வெச்சுட்டு நின்னுபோட்டேனுங்க. ஆனா வக்கீலம்மா வர்ற எடம் சரியில்ல. அவசர அவசரமா வாசிச்சீங்க. யாராவது வந்துருவாங்கன்னு பயந்து வாசிச்சாப்பல..."

சொல்லும்போதே புரிந்தது. பயந்துதான் வாசித்திருக்கிறாள். பாதங்கள் அசையவில்லை.

"ஏம்மா கிருபா," ரங்கம்மாள் குரலை உயர்த்தவில்லை. "இதெல்லாம் குடும்பத்துப் பொம்பளைக பண்ற காரியமா, நீயே சொல்லு. எங்கூட்டு நாயத்த ஊரு பேசுது."

"அது உங்கூட்டு நாயமில்லீங்க. மங்கை நாயமுங்க."

"அதுல வர்ற மாமியா நாந்தானாமா. என்னாட்டவே பேசுதாமா அவ." கீரைக் காம்பு பட்டென்று ஒடிந்தது. இத்தனைக்கும் நடுவில் முதல்முறையாக அந்தக் குரலில் தேன் இல்லை. ஒரு பொம்பளையின் அவமானம் மட்டும் இருந்தது. "பால் சொசைட்டிக்குப் போனா சிரிக்கறாளுக. நா இவள அடிச்சனா, வஞ்சனா? என்னத்துக்கு எனக்கு இந்தப் பேரு?"

கிருபாவுக்கு ஒரு கணம் அவள்மேல் இரக்கமே வந்தது. இரக்கத்தோடு திரும்பிப் போய்விடலாம், ஊரும் அதைத்தான் நல்லது என்று சொல்லும். ஆனால் போர்வைக்குக் கீழே அந்தப் பாதங்கள் இன்னும் அதே இடத்தில் நின்றன.

"நீங்க அந்தக் கதையக் கேட்டீங்களா?"

"நா எதுக்குக் கேக்கோணும்?"

"கேட்டுப்போட்டு நல்லால்லைன்னு சொல்லுங்க. எங்கெ நல்லால்லைன்னு சொல்லுங்க, உங்க மருமவ மாத்திப் போடுவாங்க. நா சொல்லி மாத்தியிருக்கறாங்க. கேக்காமயே பேசறதுக்குப் பேரு கமெண்ட் இல்லீங்க, ஊர்நாயம்."

ரங்கம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். காலனியிலிருந்து இந்தக் கேட்டுக்குள் இப்படி ஒரு வாக்கியம் இதற்கு முன் வந்ததில்லை. ரோட்டோரம் காளியாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கிருபா போர்வையிடம் திரும்பினாள்.

"அம்மணி, எந்த ஊரு, யாரூடுன்னு நா கேட்டது தப்புத்தானுங்க. கேக்கக் கூடாதத கேட்டுப்போட்டேன். ஆனா ஹாரன் நல்லாருந்துச்சு. மங்கை தனியா உக்காந்திருக்கறப்ப ரோட்டுல ஒரு பஸ் போவுது, அவ நெனச்சா ஏறலாம். அப்படித்தான் எனக்குக் கேட்டுது. எனக்குப் பயந்துட்டு அந்த ஹாரன் சத்தத்த வெட்டாதீங்க. யாருக்குப் பயந்துட்டும் வெட்டாதீங்க."

"போயிட்டு வா," என்றாள் ரங்கம்மாள், மரியாதையாகத்தான். கிருபா ரோட்டுக்கு வந்தாள். பின்னால் கேட் சாத்தும் சத்தம் கேட்டது, தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நாலு எட்டு வைத்திருப்பாள். தாழ்ப்பாள் மறுபடி திறந்தது. மறுபடி விழுந்தது.

கிருபா திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அழுதுவிடுவாள், பக்கத்தில் அம்மா வேறு இருக்கிறாள்.

இரண்டு நாளில் அம்மாவிடமிருந்து போன். "இனி காட்டுப்பக்கம் வர வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க கண்ணு."

"ஐயோ, அம்மா..."

"என்னத்துக்கு ஐயோங்கற? ஊருல காடு அது ஒண்ணுதானா? ஈஸ்வரமூர்த்தி தோட்டத்துல மஞ்சளுக்கு ஆள் பத்தாமக் கெடக்குது, அங்கெ போறேன். அத உடு. அந்தக் கதைய எனக்குப் போட்டுக் காமி மொதல்ல. என்ற சோத்துல கைய வெச்ச கதை எப்படியிருக்குதுன்னு நானும் பாக்கோணுமல்ல."

"கதைய அழிச்சுப்போட்டாங்கம்மா."

"அழிச்சா? வாய அழிக்க முடியுமா?" என்றாள் காளியாத்தாள்.

கிருபா முன்னுரைக்குக் கீழே எழுதுவதை நிறுத்தவில்லை. கேட்டவர்களில் வேறு சிலரும் வந்து சேர்ந்தார்கள். வெறும் இதயம் போட்டவர்கள்கூட, எனக்கு இந்த இடம் பிடித்தது, எனக்கு அந்த இடம் என்று, இல்லாத கதையைப் பற்றி எழுத ஆரம்பித்தார்கள். பெங்களூரிலிருந்து ஒருத்தி "அருமைங்க"வை விட்டுவிட்டு, நாலாம் பாகம் நீளம் என்று எழுதினாள். கிருபா அவளோடு ஒரு பொழுதெல்லாம் சண்டை போட்டாள். நாள்கள் போயின. முன்னுரை முன்னுரையாகவே கிடந்தது.

சித்திரை வெயில் உச்சிக்கு வந்த ஒரு மத்தியானம், கடை வாசலில் நாலு பேர் தூக்குப்போசியோடு நின்றிருந்தபோது, போன் டிங் என்றது. தவிட்டுக்குருவி. ஏழாம் பாகம்.

கிருபா மாவுக் கையாலேயே காதில் ஒயரைச் செருகினாள். யார் போனில், எந்த மூலையில் உட்கார்ந்து பேசினாளோ, குரலில் கொஞ்சம் கரகரப்பு. ஆனால் அவசரம் இல்லை. வக்கீலம்மாவை நிறுத்தி நிதானமாகப் பேசவிட்டாள். மங்கை கோர்ட்டு மரத்தடியில் பஸ்ஸுக்கு நிற்கும் இடம் வந்தது. அப்போது பின்னாலிருந்து செல்லாண்டியம்மன் வந்தது. மூன்று இழுப்பு, கடைசி இழுப்பு நீளமாக, ஒன்றும் வெட்டப்படாமல், முழுசாக. குரல் அதற்கு வழிவிட்டுக் காத்திருந்தது, பிறகு தொடர்ந்தது.

கொஞ்சம் தள்ளி இன்னொரு சத்தம். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தேனாக, "சைதன்யா..." என்று ஒரு அழைப்பு.

கிருபா ஒயரைக் காதில் அழுத்திப் பிடித்தாள். இதை வெட்டியிருக்கலாமே. வெட்டுவதற்கு ஒரு விரல் போதுமே. உலகம் முழுக்கக் கேட்கும்படி அவள் பேர் அதிலேயே கிடந்தது.

"சைதன்யா! நா கூப்பிடறது காதுல உழுகலியா?"

கிரைண்டர் இரைச்சலில் அடுத்தது சரியாகக் கேட்கவில்லை. கிருபா சுவிட்சை அணைத்தாள். கல் இரண்டு சுற்றுச் சுற்றி, முனகி, நின்றது. பொங்கிய உளுந்து மெல்ல அடங்கத் தொடங்கியது.

"ஏனுங்க, மாவு?" என்றார் வாசலில் ஒருவர்.

"சித்தெ இருங்க," என்றாள் கிருபா, கையை உயர்த்தி.

காதுக்குள், கதவு தட்டப்படும் சத்தத்துக்கு மேலே, அந்தக் குரல் ஒரு படி ஏறி, வரி மாறாமல் வாசித்துக்கொண்டே போனது.